துரைசாமிக்காகப் போரிட்ட சிங்கள வீரர்

இலங்கையின் தேசிய வீரர்கள் வரிசையில் மொனரவில கெப்பெட்டிபொலவுக்குத் தனி இடம் உண்டு. பாடநூல்களில் அவர் இருக்கிறார். சிலைகளாக நிற்கிறார். அந்நிய ஆட்சியை எதிர்த்துத் தலை கொடுத்த சிங்கள வீரர் என்று அரசியல் மேடைகளில் ஆண்டுதோறும் போற்றப்படுகிறார். அவர் வீரர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த வீரர் எந்தப் பெயரை உச்சரித்துக்கொண்டு போர்க்களம் புகுந்தார் என்ற கேள்விக்கு மட்டும் மேடைகளில் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பெயர் துரைசாமி.

ஆம், வாசகர்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா - வெல்லஸ்ஸ கிளர்ச்சி, ஒரு நாயக்க இளவரசனைக் கண்டியின் சிம்மாசனத்தில் அமர்த்துவதற்காக எழுந்தது. சுதந்திரம், தேசியம், இனம் என்று இன்று நாம் கையாளும் சொற்களைக் கொண்டு அந்தப் போரை அளந்தால் அது பிடிபடாது. அது அரச விசுவாசிகளின் போர். நிலவுடைமைக் குடியில் பிறந்த ஒருவர், அரசு வீழ்ந்த பிறகும் அரியணையை விட்டுக்கொடுக்க மறுத்த கதை.

இத்தகைய மனிதர்கள் கண்டிக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். கண்டியை விழுங்கிய அதே இங்கிலாந்து, அதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தன் மன்னனோடு தானே போரிட்டது. 1642-இல் முதலாம் சார்ள்ஸ் மன்னனுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட போரில் நிலப்பிரபுக்கள் இரு கூறாகப் பிரிந்தனர். பக்கிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த சேர் எட்மண்ட் வேர்ணி என்ற நிலப்பிரபுவுக்கு மன்னனின் கொள்கைகளில் உடன்பாடில்லை. மன்னன் விட்டுக்கொடுத்து இணங்கிப் போகவேண்டும் என்றே அவர் விரும்பினார். ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மன்னனின் உணவை உண்டுவிட்டு, இக்கட்டில் அவனைக் கைவிடும் இழிசெயலை என்னால் செய்ய இயலாது என்று நண்பரிடம் சொல்லிவிட்டு, அரச கொடியைத் தாங்கிச் சென்று, 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் போர்க்களத்தில் மடிந்தார். அவருடைய மூத்த மகனோ நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது தமிழருக்கு மட்டும் உரிய அறம் அன்று என்பதற்கு வேர்ணி ஒரு சான்று.

இந்த வேர்ணியை மனத்தில் இருத்திக்கொண்டு மாத்தளைக்கு வருவோம்.

கண்டி இராச்சியத்தின் வடவாசல் என்று மாத்தளையைச் சொல்லலாம். வரண்ட வன்னிச் சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் அது. இந்த மண்ணின் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கெப்பெட்டிபொல. தந்தை கொலஹெல நிலமே. சகோதரி, கண்டியின் முதலாம் அதிகாரமாக விளங்கிய எஹெலபொலவின் மனைவி. அக்காலக் கண்டியில் நிலம் என்பது பணம் கொடுத்து வாங்கும் பண்டமாக முதன்மை பெற்றிருக்கவில்லை. மண்ணெல்லாம் மன்னனுக்குரியது என்பது கோட்பாடு. அவன் தன் பிரபுக்களுக்கு ஊர்களை நிந்தகமவாக வழங்குவான். அந்த ஊர்களின் குடிகள் பிரபுவின் வயலை உழுவார்கள். பிரபு மன்னனுக்குப் படையும் பணியும் தருவார். இராஜகாரிய என்னும் இந்த ஊழியச் சங்கிலியின் தலைக்கண்ணி மன்னன். அந்தக் கண்ணி அறுந்தால் கீழே உள்ள ஒவ்வொரு கண்ணியும் கழன்று விழும். ஆகவே பிரபுவின் அரச விசுவாசத்தில் பக்தியும் உண்டு, தன்னலமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்வது வீண்.

அந்தத் தலைக்கண்ணியில் 1739 முதல் அமர்ந்திருந்தவர்கள் மதுரை வழிவந்த நாயக்கர்கள். உள்ளூர்ப் பிரபுக் குடும்பங்களில் எவரும் தமக்குச் சமமான இன்னொரு குடும்பத்தவனை மன்னனாக ஏற்க இசையவில்லை. அரியணைக்குச் சூரிய குலத்து க்ஷத்திரியன் வேண்டும் என்ற மரபு கடல் கடந்து பெண்ணெடுக்க வைத்தது. பெண் கொடுத்த வீட்டாரிடமே பின்னர் முடியும் சென்றது. அவ்வழி வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான் 1753-இல் சியாமிலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, இலங்கைப் பௌத்த சங்கத்தின் உபசம்பதா மரபு மீட்கப்பட்டது. வீட்டில் சைவம், வெளியில் பௌத்தக் காவலன். அந்தக் காலத்துக்கு அது முரணாகத் தோன்றவில்லை. தோன்றியவர்களும் இருந்தார்கள். 1760-இல் அதே மன்னனைக் கொல்ல நடந்த சதியில் பிக்குகளும் பிரபுக்களும் பங்கேற்றனர். எனவே அன்றைய கண்டியைப் பேதமற்ற பொற்காலமாக வர்ணிப்பதும் தவறு.

இந்த மரபின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. 1798-இல் முடிசூடிய அவனுக்கும் அவனுடைய பிரபுக்களுக்கும் இடையே பகை முற்றியது. ஆங்கிலேயருடன் தொடர்பு கொண்டு எஹெலபொல தப்பியோடியபோது, மன்னனின் சினம் அவருடைய குடும்பத்தின் மீது பாய்ந்தது. 1814 மே மாதம் எஹெலபொலவின் பிள்ளைகள் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். தாய் போகம்பரையில் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். அந்தத் தாய்தான் கெப்பெட்டிபொலவின் உடன்பிறந்தாள். தமிழ் மன்னன் என்று நாம் பெருமையோடு எழுதும்போது இந்தக் குருதியைத் துடைத்துவிட்டு எழுதும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அது நேர்மையன்று.

1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் எழுந்தது. ஊவாவின் திசாவை என்ற முறையில் கெப்பெட்டிபொல அதில் ஒப்பமிட்டார். மாத்தளைத் திசாவையாக ஒப்பமிட்டவர் ரத்வத்த. இந்த ஒப்பந்தத்தில் சில கையெழுத்துகள் தமிழ் எழுத்துகளில் இருப்பதைப் பற்றி நம்மிடையே ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. எது தமிழ், எது கிரந்தம் என்ற சர்ச்சையும் ஓய்ந்தபாடில்லை. என் பார்வையில் கையெழுத்தைவிட முக்கியமானது அந்த ஆவணத்தின் உள்ளடக்கம். பதவி நீக்கப்பட்ட மன்னனின் குடும்பத்துக்கு அரியணை உரிமை என்றென்றைக்கும் இல்லை என்றது அது. மன்னனின் உறவினர் என்று சொல்லிக்கொள்ளும் ஆண்கள் எவரும் அரசின் எதிரிகள், அவர்கள் கண்டி மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றும் அது விதித்தது. அன்றைய ஆங்கிலேயர் தமிழரைக் குறிக்க வழங்கிய 'மலபார்' என்ற சொல் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

இப்போது 1817-க்கு வருவோம். எந்த உறவினர் நுழையக்கூடாது என்று ஒப்பந்தம் விதித்ததோ, அந்த உறவினராகவே தன்னை அறிவித்துக்கொண்டு ஒருவன் வெல்லஸ்ஸக் காடுகளில் தோன்றினான். பெயர் துரைசாமி, மன்னனின் உறவினன் என்றான். மக்கள் திரண்டார்கள். அதே வேளையில் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்து, திசாவையின் அதிகாரத்தை ஆங்கிலேயர் குறைத்திருந்தனர். பிரபுக்களின் மனக்குறை ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது. மன்னன் காலத்தில் அதிகாரத்தைக் கண்டால் ஊரே எழுந்து நின்றது. ஆங்கிலேயச் சிப்பாயோ பிரபுவைக் கண்டும் காணாதவன்போல் நடந்துபோனான். ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டார். நிலைமையை அறியச் சென்ற பதுளை உதவி வதிவிட அதிகாரி வில்சனும் 1817 அக்டோபரில் அம்புக்கு இரையானார்.

கிளர்ச்சியை அடக்கி வருமாறு ஊவாவுக்கு அனுப்பப்பட்டவர் கெப்பெட்டிபொல. சென்றவர் அடக்கவில்லை. நவம்பர் தொடக்கத்தில் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். சேர்வதற்கு முன் ஒரு காரியம் செய்தார். ஆங்கிலேயர் தமக்குத் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவைத்தார். அவர்களுடைய ஆயுதத்தால் அவர்களையே தாக்குவது முறையன்று என்பது அவர் எண்ணம். போரில் வெல்ல விரும்பும் எந்தத் தளபதியும் செய்யாத காரியம் அது. ஆனால் உண்ட உணவுக்கும் கொடுத்த வாக்குக்கும் கணக்குத் தீர்க்க விரும்பும் ஒருவர் செய்யக்கூடிய காரியம். எட்ஜ்ஹில் களத்தில் கொடியைப் பிடித்த வேர்ணியின் இனத்தவர் இவர்.

இங்கே எழும் கேள்வி கடினமானது. உடன்பிறந்தாளையும் அவள் குழந்தைகளையும் கொன்ற மன்னனின் குலத்துக்காக ஒருவர் எப்படி வாளெடுக்க முடியும்? மனிதனையும் அரியணையையும் அவர் வேறுபடுத்திப் பார்த்தார் என்பதுதான் எனக்குத் தோன்றும் ஒரே விடை. கண்ணுசாமியைக் கெப்பெட்டிபொல 1815-இல் கைவிட்டார். மன்னன் என்ற நிறுவனத்தை அவரால் கைவிட இயலவில்லை. மன்னன் ஒருவனை நீக்கினால் இன்னொரு மன்னன் வருவான் என்று எண்ணியே பிரபுக்கள் கையெழுத்திட்டார்கள். வந்தவனோ கடலுக்கு அப்பால் இருந்த, கண்ணால் காணமுடியாத மன்னன். கொழும்பிலிருந்து ஆண்ட தேசாதிபதியிடம் தலதா மாளிகையின் பெரஹராவுக்குத் தலைமை தாங்கச் சொல்ல முடியுமா? ஊரையும் வயலையும் விகாரையையும் ஒன்றாகப் பிணைத்த முடிச்சு அவிழ்ந்துவிட்டதை அவர்கள் இரண்டே ஆண்டுகளில் உணர்ந்துகொண்டார்கள்.

1818 ஜனவரியில் தேசாதிபதி பிரவுன்றிக், கெப்பெட்டிபொல உள்ளிட்ட கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று பிரகடனம் செய்தார். அவர்களுடைய சொத்துகள் அரசுடைமையாகின. கிராமங்கள் கொளுத்தப்பட்டன. நெல் அழிக்கப்பட்டது. கால்நடைகள் கொல்லப்பட்டன. அன்று இலங்கையில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, கண்டியர் தரப்பு இழப்பு பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணித்தார். படைபலம் போதாமல் சென்னையிலிருந்து துருப்புகள் வரவழைக்கப்பட்டன. நாயக்க மன்னனின் பெயரால் எழுந்த சிங்களக் கிளர்ச்சியை அடக்கத் தென்னிந்தியாவிலிருந்தே சிப்பாய்கள் கப்பலேறினார்கள். இனக் கண்ணாடி அணிந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி ஒருபோதும் தெளியாது.

கடைசியில் உட்பகையும் சேர்ந்துகொண்டது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்ல, துரைசாமி உண்மையில் துரைசாமி அல்லன் என்பதை வெளிப்படுத்தி, அவனைத் தொழுவில் மாட்டினார். அவன் வில்பாவே என்ற சிங்களவன், முன்னாளில் பிக்குவாக இருந்தவன். கிளர்ச்சி குலைந்தது. 1818 அக்டோபர் இறுதியில் அநுராதபுரப் பகுதியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நவம்பர் 26ஆந் திகதி காலை தலதா மாளிகையில் வணங்கிவிட்டு, தம் மேலாடையை அங்கே காணிக்கையாக்கிவிட்டு, பாளி நூலை ஓதியபடி கொலைவாளுக்குத் தலை கொடுத்தார். அவருடைய அமைதியை வியந்து எழுதியவர்கள் ஆங்கிலேயர்களே. ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ மருத்துவர், கிளர்ச்சி வென்றிருந்தால் அவர் துரோகி என்று தண்டிக்கப்படாமல் தேசாபிமானி என்று போற்றப்பட்டிருப்பார் என்ற கருத்தைப் பிற்காலத்தில் பதிவு செய்தார். அதே மார்ஷல்தான் அவருடைய மண்டையோட்டை எடின்பரோ கபாலவியல் சங்கத்துக்குக் கொண்டுசென்றவர். வியப்பும் அவமதிப்பும் ஒரே கையிலிருந்து வந்தன.

துரைசாமி போலி என்றால் இவ்வளவும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். போலி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு சிங்களவன் அரியணைக்கு உரிமை கோர, சிங்களப் பெயரும் சிங்களக் குலமும் போதவில்லை. தன்னை நாயக்கன் என்று சொல்லிக்கொண்டால்தான் மக்கள் பின்வருவார்கள் என்று அவன் கணக்கிட்டான். கணக்குச் சரியாகவே இருந்தது. மக்களின் மனத்தில் மதிப்பற்ற நாணயத்தை எவனும் கள்ளமாக அச்சடிப்பதில்லை. 1817-இல் மலைநாட்டுச் சிங்களக் குடியானவன் 'அந்நியன்' என்று எண்ணியது ஆங்கிலேயனைத்தான், நாயக்கனை அன்று. இதற்கு வில்பாவேயைவிட வலிய சாட்சி வேறு வேண்டியதில்லை.

இனி நிலத்தின் கதை. இங்கிலாந்தில் தோற்ற அரச விசுவாசிகளின் நிலங்களை நாடாளுமன்றம் முடக்கியது. லண்டன் பொற்கொல்லர் மண்டபத்தில் அமர்ந்த குழுவிடம் சென்று, குற்றத்தின் அளவுக்கேற்பச் சொத்தின் ஒரு பங்கைத் தண்டமாகச் செலுத்தி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். பலர் கடனில் மூழ்கினார்கள், நிலத்தின் ஒரு பகுதியை விற்றார்கள். 1649 ஜனவரி 30ஆந் திகதி மன்னனின் தலை வெட்டப்பட்டது. எனினும் பதினொரு ஆண்டுகளில் 1660-இல் அவன் மகன் முடியோடு திரும்பினான். பறிமுதலானவை பெரும்பாலும் மீண்டன. தாமே விற்றவை மீளவில்லை. மன்னனின் எதிரிகளுக்கு மன்னிப்பு, நண்பர்களுக்கு மறதி என்று விசுவாசிகள் கசந்து பேசிக்கொண்டார்கள்.

கண்டிக்கு 1660 வரவில்லை. வேலூர்க் கோட்டையில் சிறையிருந்த மன்னன் 1832-இல், அதுவும் ஒரு ஜனவரி 30ஆந் திகதி, மாண்டான். 1818 நவம்பர் பிரகடனம் பிரபுக்களின் அதிகாரத்தைத் தறித்து, நெல்லில் பத்தில் ஒரு பங்கை வரியாக விதித்தது. விசுவாசமாக இருந்த பகுதிகளுக்குப் பதினான்கில் ஒரு பங்கு என்ற சலுகை. எஹெலபொலவுக்கும் ஆங்கிலேயர் கைம்மாறு செய்தார்கள். 1818-இலேயே சிறை, 1825-இல் மொரிஷியசுக்கு நாடுகடத்தல், 1829-இல் அங்கேயே மரணம். காட்டிக்கொடுத்தவருக்கும் எதிர்த்தவருக்கும் முடிவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

அதன்பின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. மண்ணெல்லாம் மன்னனுக்குரியது என்ற பழைய கோட்பாட்டைப் புதிய முடி தன் கையில் எடுத்து, கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலுக்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்து, மாத்தளையை வந்தடைந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பயணத்தின் நினைவாக இன்றும் நிற்கிறது. 1848-இல் மாத்தளை மீண்டும் கிளர்ந்தெழுந்தபோதும் கிளர்ச்சியாளர் முதலில் செய்தது கொங்காலேகொட பண்டா என்பவரைத் தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டியதுதான். வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நிலமிழந்த சிங்களக் குடியானவனும், நிலமே இல்லாத தமிழ்த் தொழிலாளியும் இவ்வாறு ஒரே மலையில் அருகருகே வந்து சேர்ந்தார்கள். என் நிலத்தைப் பறித்தவன் பக்கத்து லயத்தில் இருப்பவன் என்று ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். லயத்தில் இருந்தவன் ஒரு பிடி மண்ணுக்கும் உரிமையற்றவன்.

1948-க்கு இரண்டு நிகழ்வுகள் உண்டு. சுதந்திரத்தையொட்டி கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவிலிருந்து தாயகம் திரும்பியது. பின்னர் அது கண்டியில் நினைவுத் தூணின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டில் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. நாயக்க வாரிசு என்று அறிவிக்கப்பட்டவனுக்காகத் தலை கொடுத்தவருக்கு வரவேற்பு. நாயக்கர் வந்த அதே மண்ணிலிருந்து வந்து உழைத்தவர்களுக்கு, 'நீங்கள் அந்நியர்' என்ற பதில். அந்தத் தீங்கின் சட்ட எச்சங்களைத் துடைக்க 2003 வரை சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதிப் பத்திரம் என்பது அவர்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்றும் எட்டாக் கனிதான்.

பிரவுன்றிக்கின் துரோகிப் பட்டியலை இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில் இலங்கை அரசு முறைப்படி இரத்துச் செய்து, அதில் இருந்தவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்தது. வரவேற்கவேண்டிய செயல். ஆனால் ஒருவருக்குப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருடைய கொடியை மட்டும் மறைத்துவைப்பது முழு நீதியாகாது. கெப்பெட்டிபொலவைச் சிங்கள இனவீரராகச் சுருக்குகிறவர்கள், அவர் யாருடைய முதலாம் அதிகாரமாகப் போரிட்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். கடைசித் தமிழ் மன்னன் என்று பெருமை பேசும் நம்மவர்கள், அந்த மன்னன் கொன்ற குழந்தைகளையும், அதையும் மீறி அவனுடைய அரியணைக்காக நின்ற சிங்களப் பிரபுவையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அரச விசுவாசிகள் மக்களாட்சியின் முன்னோடிகள் அல்லர். கெப்பெட்டிபொல வென்றிருந்தால் இராஜகாரிய நீடித்திருக்கும், உழுதவன் உழுதுகொண்டே இருந்திருப்பான். அவரை நான் மதிப்பது அவர் காக்க விரும்பிய அமைப்புக்காக அன்று. எதிரியின் ஆயுதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போரிடச் சென்றாரே, அந்த ஒழுங்குக்காக. பிறர் கொடுத்ததைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரும் அந்தப் பண்பை இலங்கை அரசு மலையகத்து மக்களிடம் காட்டட்டும். அவர்கள் கொடுத்த உழைப்புக்கு இன்னும் கணக்குத் தீர்க்கப்படவில்லை. அதைத் தீர்ப்பது போகம்பரையில் வைக்கும் எந்த மலர் வளையத்தையும்விட அந்த மாத்தளை மனிதருக்கு உகந்த அஞ்சலியாக இருக்கும்.